வலையமைப்பு யாருக்கு முதலில் வழிவிட வேண்டும்?

மாணவர்களே, தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்றுகொண்டு வீட்டுக்கு ஒரு படம் அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பேசியில் சமிக்ஞைக் கோடுகள் முழுதாக இருக்கும். ஆனால், படம் போகாது. புலனத்தில் அந்தச் சின்னக் கடிகாரம் அப்படியே நிற்கும். நானும் அப்படிப் பலமுறை காத்திருக்கிறேன். கோபுரம் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில், சமிக்ஞை வலுவாக இருப்பது வேறு, அதில் இடம் இருப்பது வேறு. ஒரு கோபுரத்துக்குக் கிடைக்கும் அலைக்கற்றைக்கு ஓர் அளவு உண்டு. அங்கே கூடியிருக்கும் எல்லாரும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலுதவிக் குழு அவருடைய இதயத் துடிப்பு வரைபடத்தை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அருகில் இன்னொருவர் காவடி ஆட்டத்தை நேரலையில் காட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டில் எது முதலில் போக வேண்டும்? உங்களுக்கு உடனே பதில் தெரியும். எல்லாத் தரவையும் ஒரே மாதிரி பார்க்கும் வலையமைப்புக்கு அது தெரியாது.

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 2018ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மெண்டசினோ பகுதியில் பெரும் காட்டுத்தீ எரிந்தது. அப்போது சாந்தா கிளாரா வட்டாரத் தீயணைப்புத் துறையின் கட்டளை வாகனத்துக்கு இணைய வேகம் கடுமையாகக் குறைக்கப்பட்டது. காரணம் எளியது: அந்த மாதத்துக்கான தரவு அளவை வாகனம் தாண்டிவிட்டது. தொலைத்தொடர்பு நிறுவனம் பிறகு தன் தவற்றை ஒப்புக்கொண்டது. எத்தனை கிகாபைட் போனது என்பதை அந்த அமைப்பு அறிந்திருந்தது. எதற்காகப் போனது என்பதை அது அறியவில்லை.

ஆகவே, சேவையை அறிந்து நடக்கும் வலையமைப்பு நமக்குத் தேவை என்பதே என் கருத்து. 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் நமக்கு அறிமுகமான 5ஜி, அதற்கான வசதியுடன்தான் வடிவமைக்கப்பட்டது. 5ஜி தரநிலையில் ஒவ்வொரு வகைச் சேவைக்கும் ஒரு தாமத வரம்பு உண்டு. நேரடி விளையாட்டுக்கு 50 மில்லிவினாடி, குரல் அழைப்புக்கு 100 மில்லிவினாடி, பதிவு செய்யப்பட்ட காணொளிக்கு 300 மில்லிவினாடி. காணொளி ஏன் அதிகம் காத்திருக்கலாம்? கைப்பேசி அடுத்த சில வினாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே சேமித்து வைக்கிறது. பேச்சை அப்படிச் சேமிக்க முடியாது. பேசுபவர் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லையே!

இத்தகைய வகைப்பாடு 4ஜியிலும் இருந்தது. 5ஜி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே வலையமைப்பைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒரு கூற்றை அவசரச் சேவைக்கும், இன்னொன்றைத் தொழிற்சாலைக் கருவிகளுக்கும், மற்றொன்றைப் பொதுமக்களுக்கும் ஒதுக்க முடியும். எந்தக் கூற்றில் எவ்வளவு நெரிசல் என்ற தரவைத் திரட்டி, அடுத்து எங்கே நெரிசல் வரும் என்று கணிப்பதற்கென்றே 5ஜியின் மையத்தில் ஒரு பகுதி உண்டு. இந்தக் கணிப்பில் செயற்கை நுண்ணறிவுக்கு நல்ல வேலை இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோபுரங்களை மனிதர்கள் உட்கார்ந்து நொடிக்கு நொடி சரிசெய்ய முடியாது.

"இணையத்தில் எல்லாத் தரவும் சமம்தானே, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பணம் கொடுக்கும் நிறுவனத்தின் காணொளி மட்டும் வேகமாக ஓடினால் அது அநியாயம். இந்தியா 2018இல் இணையச் சமநிலைக் கொள்கையை ஏற்றபோது, தொலைதூர அறுவைச் சிகிச்சை, தானியங்கி வாகனம் போன்ற சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு அளித்தது. எனக்கு அது சரியான எல்லைக்கோடாகத் தெரிகிறது. உயிர் காக்கும் சேவை முந்தலாம், பணப்பை முந்தக்கூடாது.

ஆனால், எனக்கு இரண்டு கவலைகள் உண்டு.

முதல் கவலை, இயந்திரத்திடம் நாம் எந்த இலக்கைக் கொடுக்கிறோம் என்பது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு முழு நேரத்தையும் கொடுத்தால் 100 மெகாபிட் வேகம் கிடைக்கும். தொலைவில் இருப்பவருக்கு முழு நேரத்தையும் கொடுத்தாலும் 10 மெகாபிட்தான். நேரத்தைப் பாதியாகப் பிரித்தால் 50உம் 5உம் சேர்ந்து 55. முழுவதையும் அருகில் இருப்பவருக்கே கொடுத்தால் மொத்தம் 100! "மொத்த வேகத்தைக் கூட்டு" என்று மட்டும் சொன்னால், இயந்திரம் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். தூரத்தில் இருப்பவருக்குச் சுழியம். கெட்டிக்கார மாணவர்களுக்கு மட்டும் பாடம் நடத்தி வகுப்பின் சராசரியை உயர்த்தும் ஆசிரியரைப் போன்றது இது. பொறியாளர்கள் இதற்கு முன்பே தீர்வு கண்டிருக்கிறார்கள். சற்று முன்பு வரை யாருக்குக் குறைவாகக் கிடைத்ததோ, அவருடைய முறை விரைவில் வரும்படி கணக்கிடும் முறை உண்டு. ஆனால், அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது கவலை, தரவே இல்லாதவர்களைப் பற்றியது. 2020இல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி, இயங்கலைத் தேர்வு எழுத இணையம் தேடி மரத்தில் ஏறி ஒரு நாள் தங்கிய காணொளி நாடு முழுவதும் பேசப்பட்டது. அவருடைய கிராமத்திலிருந்து வலையமைப்புக்கு எவ்வளவு தரவு போயிருக்கும்? மிகக் குறைவு. தரவை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இயந்திரத்துக்கு, அந்த இடம் தேவையே இல்லாத இடமாகத் தெரியும். பசியால் பேசக்கூட முடியாதவரைப் பார்த்து, "இவர் ஒன்றும் கேட்கவில்லையே" என்று நகர்வது போன்றதல்லவா அது?

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் அடுத்த தலைமுறைக்கான வரைவை ஏற்றுக்கொண்டது. அதில் செயற்கை நுண்ணறிவும் தகவல்தொடர்பும் இணைந்து இயங்குவது ஒரு முக்கியப் பயன்பாடாக இடம்பெற்றுள்ளது. 2030ஐ ஒட்டி அந்த வலையமைப்புகள் வரும்போது, உங்களில் பலர் கல்லூரியிலோ வேலையிலோ இருப்பீர்கள். சிலர் அவற்றை வடிவமைக்கும் மேசையிலேயே அமர்ந்திருக்கலாம்.

அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த இயந்திரத்துக்குக் கொடுத்த இலக்கு என்ன? அதை முடிவு செய்தவர் யார்? இதன் தரவில் இடம்பெறாதவர் யார்? கணிதமும் இயற்பியலும் இயந்திரத்தை இயக்கக் கற்றுத்தரும். யாருக்கு முதலில் வழிவிட வேண்டும் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.