பகுதி சபாவில் காலியாக இருக்கும் இருக்கை



தமிழ்நாட்டின் நகரங்களில், 2011-க்குப் பின் முதன்முறையாக, 2022 பிப்ரவரி 19 அன்று உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. யார் நிற்கிறார், எந்தக் கட்சி வெல்லும் என்று நாம் அப்போது நிறையவே பேசினோம். அதே ஆண்டு நடந்த இன்னொரு நிகழ்வு பெரும்பாலோர் கவனத்திற்கு வராமலே போனது. நகர வார்டுகளில் வார்டு குழுக்களையும் பகுதி சபாக்களையும் அமைப்பதற்கான விதிகளை அரசு அறிவித்தது. நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று முதல் பகுதி சபாக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போல நகரவாசிக்கும் ஒரு சபை கிடைத்தது.

இந்தச் சபா எளிதில் வந்ததல்ல. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் பகுதி சபாவுக்கு 2010-இல் இடம் தரப்பட்டது. ஆனால் விதிகள் வகுக்கப்பட மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு தலைமுறை காத்திருந்து கிடைத்த இருக்கை இது. அதில் யார் போய் அமர்கிறார்கள் என்பதே இன்றைய நம் சிந்தனை.

தெருவில் நடக்கும் உயிரிழப்பு

வார்டு குழு என்றதும் குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. அவையெல்லாம் தேவையே. ஆனால் ஒரு வார்டில் உயிரையே பறிக்கும் பிரச்சினை ஒன்று உண்டு. அது நாம் நாள்தோறும் நடந்து செல்லும் தெரு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர் என்று சொல்லலாம். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு: 64,105 விபத்துகள். உயிரிழப்பில், 17,884 பேரைப் பறிகொடுத்து, உத்தரப்பிரதேசத்திற்கு அடுத்த இடம்.

நடந்து செல்பவர்கள் யார்? பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், காலைத் திருப்பலிக்கு வரும் முதியவர், பேருந்தைப் பிடிக்க ஓடும் தொழிலாளி. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்கும் வழி? மழைநீர் வடிகாலின் திறந்த மூடி, நடைபாதையை மறித்து நிற்கும் மின்வாரியப் பெட்டி, முழங்கால் உயரப் படி, நிறுத்தி வைத்த வண்டிகள் என எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. பயணத்திற்குக் கட்டணம் இல்லை. அந்த நடைக்கு மட்டும் சிலர் உயிரையே விலையாகக் கொடுக்கிறார்கள்.

இந்த வலியை நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள். ஆகஸ்ட் இறுதியில் கொடியேற்றத்திற்கும் செப்டம்பர் 8 திருநாளுக்கும் வேளாங்கண்ணிக்கும் சென்னை பெசன்ட் நகருக்கும் நடந்து செல்லும் திருப்பயணிகள், இரவில் லாரிகளின் வெளிச்சத்தில் சாலையோரமாக ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறார்களே! நமக்கு அது சில நாள் தவம். ஏழைக்கு அது ஆண்டு முழுவதும்.

சட்டம் இருக்கிறது, கண்காணிக்க ஆள் இல்லை

சட்டமும் கொள்கையும் இல்லை என்று நாம் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்ற கருத்தை முன்வைத்தது. 2014-இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்கும் கொள்கையை ஏற்றது. நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும், அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும் கூறியது.

இந்த ஆணை பிறந்த வழக்கின் வரலாற்றை நாம் அறிய வேண்டும். 2012-இல் அதைத் தொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். விபத்தில் எலும்பு முறிந்து வருவோருக்குச் சிகிச்சை அளிப்பது அவரது தொழில். அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் முறிந்ததைக் கட்டுவதோடு, முறியாமல் தடுக்க வழி தேடினார் அவர். அந்த வழக்கிலிருந்தே 2014-இல் சாலைப் பாதுகாப்புக்கான உச்ச நீதிமன்றக் குழு பிறந்தது. மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டும் என்ற 2017-ஆம் ஆண்டு ஆணையும் அதே வழக்கில் வந்ததுதான்.

ஆணைகள் டெல்லியில் பிறக்கின்றன; நடைபாதை நம் தெருவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை யார் நடந்து கடப்பது? அதற்காகத்தான் பகுதி சபா.

நாம் சொல்லும் மூன்று காரணங்கள்

"அது அரசியல், நமக்கெதற்கு?" என்பது முதல் காரணம். வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலர்தான். அவர் ஒரு கட்சியைச் சேர்ந்தவராக இருக்கலாம். ஆனால் பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும் என்று கேட்பதற்குக் கட்சி அட்டை தேவையில்லை. நல்லவர்கள் ஒதுங்கிக்கொண்டால் அந்த இருக்கை காலியாக இருக்காது. ஒப்பந்தக்காரரின் உறவினரோ கட்சிக்காரரின் நண்பரோ வந்து அமர்வார்.

"அந்தச் சபாவுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்பது இரண்டாவது. இது நியாயமான கேள்வி. பகுதி சபா பரிந்துரைக்கலாம், முன்னுரிமை சொல்லலாம், குறைகளைப் பதிவு செய்யலாம், ஆணையிட முடியாது. அதிலும் போக்குவரத்து என்பது பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் பொருள். நடைபாதை மாநகராட்சியிடம், பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம், சிக்னல் போக்குவரத்துக் காவல்துறையிடம், பெரிய சாலைகள் சில நெடுஞ்சாலைத் துறையிடம், தோண்டிய பள்ளம் குடிநீர் வாரியத்திடம் அல்லது மின்வாரியத்திடம். இவற்றை ஒருங்கிணைக்கச் சென்னையில் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் வேண்டும் என்று 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் முதல்வர் தலைமையில் நடந்ததோ 2022 நவம்பரில்தான்.

ஆகவே ஒரே கூட்டத்தில் தெரு மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து திரும்புவார். ஆயினும், ஒரு கோரிக்கை கூட்டக் குறிப்பில் எழுத்தாக ஏறிவிட்டால், அது தேநீர்க் கடைப் புலம்பல் அல்ல. அடுத்த கூட்டத்தில் "சென்ற முறை எழுதியது என்னவாயிற்று?" என்று கேட்க முடியும். அதிகாரம் குறைந்த சபாவின் பலம் இந்த விடாத கேள்வியில்தான் இருக்கிறது.

"நேரம் இல்லை" என்பது மூன்றாவது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஒரு மாலைப் பொழுது. திருவிழா ஏற்பாட்டிற்காக நாம் கூடும் கூட்டங்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் காரணமும் நிற்காது.

அறச்செயலின் இன்னொரு முகம்

2020-இல் வெளியான 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஓர் எளிய ஒப்புமையைத் தந்தார். முதியவர் ஒருவர் ஆற்றைக் கடக்கக் கைகொடுப்பது அன்புச் செயல். அந்த ஆற்றின் குறுக்கே பாலம் அமைப்பவர் செய்வதும் அன்புச் செயலே என்பது அவர் கருத்து. நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் விபத்தில் படுத்த ஏழைக் குடும்பத்திற்கு அரிசி கொடுக்கிறார்கள். அன்பியத்தார் மருத்துவமனைக்குச் சென்று செபிக்கிறார்கள். இவை போற்றத்தக்கவை. அதே திருப்பத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் அடிபடாமல் தடுப்பதும் அதே அன்பின் பணி அல்லவா?

2015-இல் வெளியான 'இறைவா உமக்கே புகழ்' மடலில், கூட்ட நெரிசலும் பாதுகாப்பின்மையும் மனித மாண்புக்கு ஒவ்வாத பயணத்தை மக்கள்மீது சுமத்துவதைச் சுட்டிக்காட்டி, பொதுப் போக்குவரத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்றார் அதே திருத்தந்தை. அதற்கும் முன்பு, 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகளில் கொலை செய்யாமையை முதலில் வைத்தது. சாலையில் வலுக்குறைந்தவரைக் காப்பதும் அவற்றுள் ஒன்று.

போகிறவர் எப்படிப் போக வேண்டும்?

முதலில், நடந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். கையில் ஓர் அளவுநாடாவும் குறிப்பேடும் போதும். எந்த இடத்தில் அகலம் எவ்வளவு, எந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை, எங்கே விளக்கு எரியவில்லை என்று எழுதி, ஒவ்வொன்றும் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது எனப் பிரித்துக்கொண்டால், கூட்டத்தில் குரலை உயர்த்தத் தேவையிராது.

இரண்டாவதாக, தனக்காக மட்டும் பேசக் கூடாது. 'ஆக்கிரமிப்பை அகற்று' என்பது எளிய முழக்கம். ஆனால் நடைபாதையில் பூ விற்கும் அம்மாவும் நம் அயலாரே. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கென நகர விற்பனைக் குழுவை அமைத்து, அதில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடத்தை அவர்களுக்கே தந்துள்ளது. நடப்பவருக்கு வழியும் விற்பவருக்கு இடமும் சேர்ந்து கிடைக்கும்படி பேசுபவரே பயனுள்ள உறுப்பினர். சக்கர நாற்காலியில் வருபவரையும், பேருந்துக்காக இரவில் தனியே நிற்கும் பெண்ணையும் கேட்டறிந்து, முடிந்தால் அவர்களையே அழைத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாவதாக, ஆலயத்திற்குச் சலுகை வாங்கப் போகக் கூடாது. எல்லாச் சமயத்தாரும் நடக்கும் தெரு அது. மேலும், ஞாயிறு காலையில் நம் கோவில் வாசலில் நடைபாதை முழுவதும் வண்டிகள் நிற்குமானால், சபாவில் நாம் பேசும் பேச்சுக்கு என்ன மதிப்பு? அந்தத் திருத்தத்தைப் பங்குப் பேரவையிலேயே தொடங்கிவிடலாம்.

நான்காவதாக, நிலைத்து நிற்க வேண்டும். ஒருமுறை போய் கோபப்பட்டுத் திரும்புவதைவிட, ஒரே கோரிக்கையோடு நான்கு முறை போவதே மேல். ஒருவர் தளரும்போது மற்றவர் போகும்படி அன்பியத்தில் இருவர் அல்லது மூவர் இப்பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நலம்.

இவ்வுலகக் கடமைகளைப் புறக்கணிக்கும் கிறிஸ்தவர், அயலாருக்கும் இறைவனுக்கும் செய்ய வேண்டிய கடமையையே புறக்கணிக்கிறார் என்ற பொருளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எச்சரித்தது. உங்கள் வார்டின் எண் என்ன, கவுன்சிலர் யார், அடுத்த பகுதி சபா எப்போது கூடுகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் வரும் அன்பியக் கூட்டத்திற்குள் விடை தேடுங்கள். விடை கிடைத்ததும், யார் போவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். எரிகோ செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிய சமாரியர் நமக்கு முன்மாதிரி. அந்தச் சாலையில் இனி யாரும் அடிபடாதிருக்கச் செய்ய வேண்டியது நம் காலத்தின் கடமை.