பூட்டு யாருக்கு?

கணினி விளையாட்டின் திருட்டுப் பிரதி, பிறர் உழைப்பைக் கவர்வதேயாகும். அதனை ஆகுமானதென்று நாம் கூறமாட்டோம். எனினும், திருட்டைத் தடுக்கவென்று விற்றவர் இட்ட பூட்டையும் நோக்குங்கள். 2008-இல் வெளிவந்த 'ஸ்போர்' விளையாட்டை விலைக்கு வாங்கியவரால், தொடக்கத்தில் 3 கணினிகளில் மட்டுமே அதனை நிறுவ இயன்றது. பூட்டு உடைக்கப்பட்ட பிரதிகளோ வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் உலவின! 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனம், 'அசாசின்ஸ் கிரீட் 2' விளையாட்டின் கணினிப் பதிப்பை, இணையத் தொடர்பு அறுந்தால் நின்றுவிடுமாறு அமைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் அதன் சர்வர்கள் தாக்கப்பட்டபோது, பணம் கொடுத்தோரே விளையாட இயலாது தவித்தனர். விலையைப் பெற்றபின் பொருளைத் தடையின்றி ஒப்படைப்பதன்றோ வாணிபம்? சாவியைத் தம் மடியிலேயே முடிந்துகொள்வது எவ்வகை நேர்மை? 2015-இல் போலந்து நாட்டின் சிடி பிராஜெக்ட், 'விட்ச்சர் 3' விளையாட்டைப் பூட்டின்றியே விற்றது. அதனால் அந்நிறுவனம் நொடித்துப்போய்விடவில்லை.