மாவரைத்தவள் பிள்ளை என்ன செய்தது?

கடவுள் முழுக்க நல்லவர், கெட்டதெல்லாம் சாத்தான் வேலை என்று பிரசங்கம் செய்கிறவர்கள் எபிரேய வேதத்தை ஒருமுறை முழுசாகப் படிக்கட்டும். அவர் நல்லவர் என்று சங்கீதங்கள் பாடுவது உண்மைதான். ஆனால் அந்த நூல்கள் சொல்வது அது மட்டுமல்ல.

யாத்திராகமம் 11ஆம் அதிகாரத்தை எடுங்கள், தோழர்களே. எகிப்தில் சாகப்போவது பார்வோனின் தலைப்பிள்ளை மட்டுமல்ல. ஏந்திரத்தில் மாவரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளையும்தான். அடுத்த அதிகாரத்தில் சிறைக்கைதியின் பிள்ளையும் சாகிறது. அந்தப் பெண் யாரை அடிமைப்படுத்தினாள்? அவளே எகிப்தின் அடித்தட்டு! பார்வோன் இறங்கி வந்திருக்கலாமே என்றால், அவன் மனதைக் கடினப்படுத்தியதும் கர்த்தர்தான் என்கிறது அதே நூல். தலித் இறையியல் தன் விடுதலைக் கதையாக எடுத்துக்கொண்ட நூல் இது. எடுத்ததில் தப்பில்லை, மாவரைத்தவளை மறந்ததுதான் தப்பு. அமெரிக்காவின் ஓசேஜ் பழங்குடி அறிஞர் ராபர்ட் ஆலன் வாரியர் 1989இல் இதையே வேறு பக்கமிருந்து கேட்டார்: நிலம் பறிபோன எங்கள் மக்கள் இந்தக் கதையில் இஸ்ரவேலரா, கானானியரா?

“அந்தக் காலத்துப் போர் அப்படி” என்பார்கள். சவுல் ராஜா பதவி இழந்தது அமலேக்கியரின் கைக்குழந்தைகளைக் கொன்றதற்காக அல்ல. அவர்கள் ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் விட்டுவைத்ததற்காக.

இந்தச் சங்கடம் எழுதியவர்களுக்கே இருந்திருக்கிறது. 2 சாமுவேல் 24இல் ஜனத்தைக் கணக்கெடுக்கும்படி தாவீதைத் தூண்டுபவர் கர்த்தர். பிறகு அதற்கே தண்டனையாகக் கொள்ளைநோய், 70,000 பேர் சாவு. பின்னால் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21இல் தூண்டியவன் சாத்தான். ஆளை மாற்றிவிட்டார்கள்! பிணங்களின் கணக்கு மட்டும் அதே 70,000.

வெள்ளையடிக்க மறுத்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். ஆபிரகாம் சோதோமுக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை பேரம் பேசுகிறான். நியாயாதிபதியே அநியாயம் செய்யலாமா என்று நேருக்கு நேர் கேட்கிறான். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம் நண்பர்கள் சொல்வது என்ன? கடவுள் நீதியானவர், நீதான் ஏதோ பாவம் செய்திருப்பாய். முற்பிறவி வினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதா? கடைசியில் கர்த்தர் யோபுவையும் அதட்டுகிறார். ஆனால் அவர் கோபம் மூண்டது அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்கள் மேல். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு, நீங்கள் அல்ல என்கிறார்.