திருப்தி என்பது குணமல்ல

முடக்குவாத நோயாளி திருப்தியாக இருந்தால் சிகிச்சையும் தரமானதே என்கிறார்கள். தவறு. முதலில், திருப்தியா என்று யாரிடம் கேட்டார்கள்? திரும்பி வந்தவர்களிடம். பாதியில் நின்றுபோனவர்களின் பதில் எங்கே? அடுத்தது இன்னும் மோசம். ஸ்டீராய்டு சில நாட்களிலேயே வலியைத் தணிக்கும், நோயாளி மகிழ்வார். நீண்டகாலம் அதையே நம்பியிருந்தால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். மூட்டுச் சிதைவைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட் பலன் காட்டப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரம் ஆகும்; இடையில் குமட்டலும் வரலாம். முதல் மாதமே கேட்டால் எதற்கு அதிக மதிப்பெண் விழும்?

அப்படியானால் நோயாளியின் சொல்லுக்கு மதிப்பில்லையா? நிச்சயம் உண்டு. காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா என்று கேளுங்கள். இந்நோயில் வழக்கமாகச் சோதிக்கும் 28 மூட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். வீக்கம் இருக்கும்போதே திருப்தியைக் காரணம் காட்டிப் பழைய மருந்துச்சீட்டையே மறுபடி எழுதுவது அலட்சியம்.