தாய் உயிரோடிருக்கும்வரை



திருமுழுக்குத் தொட்டியருகே நின்று, குழந்தையின் சார்பில் விசுவாசத்தை அறிக்கையிடுபவரை ஞானத்தந்தை என்கிறோம். அப்பெயரையே ஒரு கொலைகாரக் கூட்டத்தின் தலைவனுக்குப் பட்டமாகச் சூட்டி, மாரியோ பூசோ எழுதிய நாவல் 'காட்பாதர்' 1969இல் வெளிவந்தது. கொப்பொலா இயக்கிய படம் 1972இலும், அதன் தொடர்ச்சிகள் 1974இலும் 1990இலும் வந்தன. இரத்தமும் துப்பாக்கியும் மலிந்த படங்கள்; சிறுவரோடு அமர்ந்து காணத்தக்கவை அல்ல. ஆயினும் இரண்டாம் படத்தில் வரும் இரு சகோதரரின் கதை என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

சிசிலியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய கொர்லியோனே குடும்பத்தில் மூன்று புதல்வர். மூத்தவன் கொல்லப்பட்டான். அடுத்தவன் பிரெடோ இளகிய மனத்தினன். தந்தை தெருவில் சுடப்பட்டபோது துப்பாக்கியைக் கைநழுவவிட்டு, சாலையோரத்தில் அமர்ந்து அழுதவன். ஆகவே தலைமை இளையவன் மைக்கேலுக்குப் போயிற்று.

1958. டாஹோ ஏரிக்கரை மாளிகையில் மைக்கேலின் மகனுக்குப் புதுநன்மை விழா. அன்றிரவே அவன் படுக்கையறைச் சன்னலைக் குண்டுகள் துளைக்கின்றன. பகைவருக்குத் துணைபோனவன் தன் அண்ணனே என்பதைப் புத்தாண்டுக்கு முந்திய இரவில், ஹவானாவில், மைக்கேல் அறிகிறான். மது மயக்கத்தில் பிரெடோவின் வாயே அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

பின்பு இருவரும் தனித்துப் பேசும் காட்சி. சாய்ந்த நாற்காலியில் கிடந்தபடியே பிரெடோ குமுறுகிறான்: மூத்தவன் நானிருக்க, என்னைத் தாண்டிச் சென்றார்கள், விமான நிலையத்துக்குப் போய் ஆளை அழைத்து வருவது போன்ற எடுபிடி வேலைகளே எனக்கு, என்னையும் யாராவது மதிக்கவேண்டாமா? கொலை நடக்குமென்று தனக்குத் தெரியாது என்கிறான். அதில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நடிகர் ஜான் கசேல் 1978இல் மறைந்துவிட்டார்; அந்தக் கதறல் மறையவில்லை. தம்பியோ அண்ணனின் புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி நீ எனக்கு ஒன்றுமில்லை என்று உறவையே அறுக்கிறான். வெளியே வந்து ஏவலாளிடம் சொல்கிறான்: தாய் உயிரோடிருக்கும்வரை அவனுக்கு எதுவும் நேரக்கூடாது.

இந்தக் கட்டளையில்தான் என் மனம் நிலைத்து நிற்கிறது. பெற்றவரின் முகத்துக்காகப் பகையைத் தள்ளிவைப்பதை மன்னிப்பு என்று நாமும் எத்தனை முறை தவறாக எண்ணியிருக்கிறோம்! ஆதியாகமத்தில் ஏசாவும் தந்தையின் மரணம் வரையே காத்திருக்க எண்ணினான். யாக்கோபு இறந்தபின் யோசேப்பின் சகோதரரும் நடுங்கினர். தந்தைக்காகவே தங்களை விட்டுவைத்தான், இனி பழி தீர்ப்பான் என்று அஞ்சினர். அந்த அச்சத்தைக் கேட்டு யோசேப்பு அழுதான்.

மைக்கேல் அழவில்லை. தாயின் சவப்பெட்டி வீட்டிலிருக்கையில் தங்கை கோனி அவன் காலடியில் அமர்ந்து அண்ணனுக்காக மன்றாடுகிறாள். அவன் எழுந்து சென்று பிரெடோவைத் தழுவிக்கொள்கிறான். தழுவியபடியே, தோளுக்கு மேலாக ஏவலாளை ஒரு பார்வை பார்க்கிறான். அவ்வளவுதான்.

சிறு வயதில் மீன்பிடிக்கையில், 'அருள் நிறைந்த மரியே' சொன்னபோதெல்லாம் தனக்கு மீன் சிக்கியதாக மைக்கேலின் மகனிடம் பிரெடோ சொல்லியிருந்தான். ஒருநாள் சிறுவனைக் கரையிலிருந்து அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிரெடோ ஏவலாளுடன் படகில் செல்கிறான். தூண்டிலை எறிந்து அதே செபத்தைச் சொல்கிறான். ஒரு வெடியோசை. கரையிலிருந்து தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாம் படத்தில், முப்பது ஆண்டு பாவசங்கீர்த்தனம் செய்யாத மைக்கேல் ஒரு கர்தினால் முன் உடைந்து அழுகிறான். தன் தாயின் மகனையும் தந்தையின் மகனையும் கொன்றதாகச் சொல்கிறான். பாவப்பொறுத்தல் அளிக்கும் கர்தினால், மீட்பு உனக்கும் உண்டு, ஆனால் நீ அதை நம்பமாட்டாய் என்கிறார். பிறரை மன்னிக்க அறியாதவன் தனக்குரிய மன்னிப்பையும் நம்ப இயலாமற்போனானோ?

இரண்டாம் படத்தின் முடிவில் பழைய நினைவொன்று வருகிறது. 1941 டிசம்பர் 7, தந்தையின் பிறந்தநாள். படையில் சேர்ந்துவிட்டதாக மைக்கேல் அறிவிக்கிறான். மூத்தவன் சீறுகிறான், மேசையைச் சுற்றி ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பிரெடோ ஒருவன்தான் கையை நீட்டி, தம்பியின் கையைப் பற்றி வாழ்த்துகிறான்.