தொட்டதா, தொடவில்லையா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் அக்கா பெண் லாப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராது, சித்தி!" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

இந்த "எனக்கு வராது" இருக்கிறதே, பொல்லாத வார்த்தை. அவள் வயதில் நானும் "எனக்குக் கணக்கு வராது" என்று சொன்னேன். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷமாகப் பால் கணக்கைத் தவிர வேறு கணக்கின் பக்கமே நான் போனதில்லை. ஆகவே, அடுப்பை அணைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். பைதான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில், பைகேம் என்ற இலவசச் சாதனத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு விளையாட்டு எழுதியிருந்தாள். மேலேயிருந்து மாம்பழம் விழும். கீழே உள்ள கூடையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். பழத்துக்கு ஒரு மார்க். படமெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் மாம்பழமோ, கூடை என்று ஒன்று அங்கே இருப்பதையே சட்டை செய்யாமல், அதற்குள் புகுந்து அடி வழியாக வெளியேறிவிட்டது!

திரையில் இப்படி ஓடியாடும் படத்துக்கு 'ஸ்ப்ரைட்' என்று பெயர். குட்டித் தேவதை, மோகினி என்றெல்லாம் அர்த்தம் சொல்லலாம். பின்னணிப் படத்தின் மேல் கால் பாவாமல் மிதந்து போவதால் பொருத்தமான பெயர்தான். மோகினிக்குக் கதவு ஏது, சுவர் ஏது? நாம் பார்த்துவிட்டு, "அதோ, தொட்டுவிட்டதே!" என்கிறோம். கம்ப்யூட்டருக்கோ கண் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள். 1977-இல் வந்த அட்டாரி 2600 என்ற விளையாட்டு எந்திரமும், 1982-இல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரும் ஸ்ப்ரைட்கள் மோதினால் தாமாகவே குறித்து வைத்துக்கொள்ளும். கமடோரில் ஒரே சமயத்தில் 8 ஸ்ப்ரைட். ஒவ்வொன்றும் 24 புள்ளி அகலம், 21 புள்ளி உயரம். கொஞ்சமாக இருந்ததால் எந்திரமே பார்த்துக்கொண்டது. இப்போது பைகேமில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் தொட்டதா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? திரையை ஒரு பெரிய புள்ளிக் கோலமாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே 640 புள்ளி, நெடுக 480 புள்ளி. இடது ஓரத்திலிருந்து வலது பக்கமாக எண்ண வேண்டும். மேலேயிருந்து கீழ்நோக்கி எண்ண வேண்டும். பள்ளிக்கூடத்து கிராப் தாளில் மேலே போகப் போக எண் கூடும் அல்லவா? இங்கே கீழே போகப் போகக் கூடும். இதிலேயே பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிடும்.

கூடையின் இடது விளிம்பு 280, வலது விளிம்பு 360, மேல் விளிம்பு 420, கீழ் விளிம்பு 460. மாம்பழம் 30 புள்ளிச் சதுரத்தில் வரைந்த படம். "பழமும் கூடையும் ஒரே உயரத்தில், அதாவது 420-இல், இருக்கிறதா?" என்று இவள் கேட்டிருந்தாள். பழமோ ஒவ்வொரு தடவையும் 8 புள்ளி இறங்குகிறது. 408, 416, அடுத்தது 424! 420-இல் அது நிற்கவே இல்லை. 420 என்றாலே மோசடிதானே!

மேஜை மேல் இரண்டு சீட்டுகளை எடுத்துப் போட்டோம். ஒன்று பழம், ஒன்று கூடை. எப்போது ஒன்றன்மேல் ஒன்று படுகிறது? மூலை படலாம், பக்கம் படலாம், ஒன்றுக்குள் ஒன்று முழுக்க அடங்கலாம். காகிதம் நிறைய எழுதியும் கணக்குத் தீரவில்லை. முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "அரிசியை ஒவ்வொன்றாகவா பொறுக்குகிறேன்? கல்லைப் பொறுக்குகிறேன், மிச்சமெல்லாம் அரிசி. எப்போது படாது என்று பாருங்களேன்!" என்றாள்.

படாமல் இருக்க நான்கே வழிகள்தான். பழம் முழுக்கக் கூடைக்கு இடது பக்கம் இருக்க வேண்டும், அல்லது வலது பக்கம், அல்லது மேலே, அல்லது கீழே. நான்குக்கும் "இல்லை" என்று பதில் வந்தால் பட்டுவிட்டது என்று அர்த்தம். சோதித்துப் பார்க்கலாமா? பழம் இடது 300, வலது 330, மேல் 392, கீழ் 422. பழத்தின் வலது விளிம்பு கூடையின் இடதான 280-ஐத் தாண்டாமல் நிற்கிறதா? இல்லை. பழத்தின் இடது விளிம்பு 360-க்கு அப்பாலா? இல்லை. பழத்தின் அடி 420-க்கு மேலேயே நின்றுவிட்டதா? இல்லை. பழத்தின் உச்சி 460-க்குக் கீழே போய்விட்டதா? இல்லை. நான்கும் இல்லை. ஆகவே, தொட்டுவிட்டது!

எழுதினாள். பழம் விழுந்தது. மார்க் 9 என்று காட்டியது! ஒரு பழத்துக்கு ஒன்பதா? பழம் கூடையைக் கடந்து போவதற்குள் ஒன்பது தடவை கேள்வி கேட்கப்பட்டது. ஒன்பது தடவையும் "தொட்டது" என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. தொட்டவுடன் பழத்தைத் திரும்ப மேலே அனுப்பிவிடு என்று ஒரு வரி சேர்த்ததும் மார்க் ஒழுங்குக்கு வந்தது.

அப்புறம் ஒரு குளவியையும் பறக்க விட்டாள். குளவி கூடையில் பட்டால் ஓர் உயிர் போய்விடும். முதலில் ஆடியது பாட்டிதான். ஆடி முடித்ததும் சண்டைக்கு வந்துவிட்டாள். "குளவி அரை விரற்கடை தள்ளிப் போயிற்று, என் உயிரை எதற்கடி கழித்தாய்?" பாட்டி சொன்னது நியாயம். நாம் பார்ப்பது குளவியை. கம்ப்யூட்டர் கணக்கிடுவது குளவியைச் சுற்றியுள்ள கட்டத்தை. கட்டத்தின் மூலைகள் வெறும் காலி. ஒரு வட்டத்தைச் சதுரத்துக்குள் போட்டாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி மூலை பட்டதற்குப் பாட்டி தண்டனை அனுபவித்திருக்கிறாள்! புள்ளிக்குப் புள்ளி பார்க்கவும் பைகேமில் வழி உண்டு. ஆனால் அதற்கு உழைப்பு அதிகம். சுலபமான வழி, குளவியின் கட்டத்தை நாலு பக்கமும் கொஞ்சம் சுருக்குவது. பழத்தின் கட்டத்தைக் கொஞ்சம் பெருக்கினாலும் தப்பில்லை. ஆபத்தில் தயவு, லாபத்தில் தாராளம். விளையாட்டு எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

வேகத்திலும் ஒரு கண் வேண்டும். பழம் ஒரே தாவலில் 100 புள்ளி இறங்கினால், முதல் தடவை கூடைக்கு மேலேயும், மறு தடவை கூடைக்குக் கீழேயும் இருந்துவிடலாம். இரண்டு தடவையும் "தொடவில்லை" என்றே பதில் வரும். தாவலைச் சின்னச் சின்ன அடிகளாகப் பிரித்து ஒவ்வோர் அடியிலும் கேட்க வேண்டும்.

எல்லாம் ஆன பிறகுதான் தெரிந்தது, அந்த நான்கு கேள்விகளையும் ஒரே வரியில் கேட்க பைகேமில் 'கொலைட்ரெக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது என்று! "இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா, சித்தி?" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால் அல்லவா சொல்வதற்கு? ஆனாலும், பாட்டிக்கு ஏன் அநியாயம் நடந்தது என்று அந்த ஒரு வரியைப் பார்த்து எங்களால் கண்டுபிடித்திருக்க முடியுமா?

அப்புறம் அவள் "வராது" என்று சொல்லவே இல்லை என்று எழுத ஆசைதான். மறுநாளே, இரண்டு குளவிகள் சேர்ந்து வந்தபோது சொன்னாள். ஆனால் லாப்டாப்பை மூடவில்லை.

உங்கள் வீட்டுக் குழந்தையும் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு சீட்டும் ஒரு மேஜையும் போதும். என் பங்குக்கு நானும் ஒரு விளையாட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன்: பூனையும் பால் பாத்திரமும். பூனை பாத்திரத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. பூனையின் வாலைக் கட்டத்துக்குள் சேர்ப்பதா, வேண்டாமா என்பதுதான் இப்போது வீட்டில் நடக்கும் விவாதம்.