ஊருக்கெல்லாம் ஒரே சாவியா?

இணையம் மாட்ட வர்ற தம்பி போறப்ப சொல்றது ஒண்ணுதான்: "செட்டிங்ஸ் எதையும் தொடாதீங்க சார்." ஏன் தொடக்கூடாதுங்கறேன்? உலாவியில 192.168.1.1னு அடிங்க. பல ரவுட்டர்ல நிர்வாகப் பக்கம் வரும். பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்!

2016ல மிராய்ங்கற நச்சுநிரல் இப்படிப்பட்ட 60 சொச்சம் கடவுச்சொல்லை வச்சே லட்சக்கணக்கான கேமரா, ரவுட்டரை வளைச்சுப் போட்டுது. பிரிட்டன்ல 2024 ஏப்ரல்லேர்ந்து இந்தப் பொதுச் சாவிக்குச் சட்டப்படி தடை. நம்மகிட்ட மட்டும், திருட்டுப் போனப்புறம், "நீங்கதான் மாத்தியிருக்கணும் சார்"ங்கறாங்க. தொடாதேன்னவங்களும் இவங்கதானே?

பூட்டு விக்கிறவன்தான் ஆளுக்கொரு சாவி தரணும். அதுவரைக்கும் மக்களே, இன்னிக்கே மாத்திடுங்க. வெளியிலேர்ந்து நிர்வகிக்கிற வசதியையும் அணைச்சிடுங்க. லீவுக்குப் போறப்ப ஊர்ல அப்பா அம்மா வீட்டுலயும்.